கோப்பியில் மருந்து

செல்லாயி போடும் கோப்பி எனக்குப் பிடிக்காது. அது நன்றாக இருந்ததுதான் காரணம்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய சங்கதி பின்னால் வருகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷம், மலாயாவில் சுங்காய்க்குப் பக்கத்தில் ஆத்துமேட்டுத் தோட்டத்தில், அவளும் நானும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அதுவும் கூரைவரை போகாமல் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கெடும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிப்பதற்கு முன்னாலேயே அவள் அடுப்பு எரியத் தொடங்கும். கோப்பி மணம் பலகைக்கு மேலே ஏறி வந்து என் வீட்டுக்காரர் சீனியை எழுப்பும். "செல்லாயி எந்திரிச்சிருச்சு" என்பார். பக்கத்தில் நான் எழுந்து உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படாது.

என் கோப்பியையும் சொல்லிவிடுகிறேன். சீனன் கெடை என்கிற மளிகைக்கடையில் வாங்கிய தூளைத் தண்ணீரோடு சட்டியில் போட்டு, அது கறுத்துச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்து கொடுப்பேன். பனியில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவனுக்கு வயிற்றில் சூடு இருந்தால் போதும், நாக்குக்கு என்ன ருசி வேண்டிக்கிடக்கிறது என்பது என் கட்சி. சீனி அதைக் குடிப்பார். குடித்துவிட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "மச்சானக் கூட்டிட்டு வாரேன்" என்று அடுத்த வீட்டுக்குப் போவார். திரும்பி வரும்போது அவர் மீசையில் வேறு கோப்பி மணக்கும்.

மச்சான் என்பது செல்லாயியின் புருஷன் உடையப்பன். உறவு ஒன்றுமில்லை, ஒரே கப்பலில் வந்த பழக்கம். நல்ல வேலைக்காரன், முன்கோபி. கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை என்ற குறை அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அதை யாராவது வாய்விட்டுச் சொன்னால் அடிக்கப் போவான்.

ரப்பருக்கு முன்னால் அந்த இடம் கோப்பித் தோட்டமாக இருந்ததாம். ஆற்றோரத்தில் பத்துப் பதினைந்து மரம் வெட்டுப்படாமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் துணி துவைக்கப் போகும்போது செல்லாயி கூடையோடு அங்கே போவாள். நன்றாகச் சிவந்த பழமாகப் பார்த்துப் பறிப்பாள். ஒன்று பச்சையாக வந்துவிட்டால்கூடத் தூக்கி எறிவாள். உலுக்கினால் உள்ளே கொட்டை ஆடுகிற வரைக்கும் வெயிலில் காயப்போட்டு, உரலில் இட்டுத் தோலை உடைத்துப் புடைப்பாள். இரும்புச் சட்டியைச் சின்னத் தீயில் வைத்து வறுப்பாள். முக்கால் மணி நேரம் கை ஓயாது. கொட்டை ஒருமுறை வெடிக்கும், அடங்கும், மறுபடி வெடிக்கும். அந்த இரண்டாவது வெடிப்பில் எண்ணெய் கசிந்து மினுங்கும்போது ஒரு கட்டிக் கருப்பட்டியைப் போட்டுக் கிளறி, உடனே சாக்கில் கொட்டி முறத்தால் விசிறுவாள். சட்டியிலேயே விட்டால் கருகிவிடும் என்பாள். இடிக்கும்போதும் மாவாக இடிக்கமாட்டாள், ரவை பதத்தோடு நிறுத்திவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வறுத்துக்கொண்டிருந்தாள். புகை என் வீட்டுக்குள் வந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கத்தான் போனேன். போன இடத்தில் வாய் வேறு எதையோ கேட்டது.

"அப்படி என்னதான்டி போடுறே இதுல? ஊரு ஆம்பளைங்கெல்லாம் மோப்பம் புடிச்சிட்டு வாரானுங்க."

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள். என்னிடம் ஒரு ஆள் நம்பிக்கை வைத்துப் பேசியது அந்த லயத்தில் அதுதான் முதல் தடவை.

"அக்கா, வெளிய சொல்லிராதீங்க. அவருக்குத் தெரியாம கோப்பியில மருந்து போட்டுத்தான் குடுக்கிறேன். இது மட்டும் இல்லேன்னா அவரு என் கையை விட்டுப் போயிடுவாரு."

அதற்குள் உடையப்பனே வந்துவிட்டான். அவள் கையை விட்டுவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள். நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மருந்து என்று நம் ஆட்கள் மூன்று காரியத்துக்குச் சொல்வோம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொடுத்தால் அது காய்ச்சலுக்கு. "மருந்தைக் குடிச்சிட்டான்" என்றால் பாடை கட்ட வேண்டியதுதான். ஒரு பெண்பிள்ளை ஆம்பளையின் சோற்றிலோ தண்ணீரிலோ மருந்து போட்டாள் என்றால் அது வசியம், இடுமருந்து. அவன் புத்தி போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலைவான். உள்ளே போன மருந்து குடலில் ஒட்டி முடியும் மண்ணுமாக வளரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். செல்லாயி சொன்னது எந்த மருந்து என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சீனியின் மீசை எனக்கு வழி காட்டிவிட்டது. ஓ, இதனால்தானா, என் ஆளும் அங்கே போய் நிற்பது இதனால்தானா! எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்தது. என் கோப்பியில் குறை இல்லை.

மறுநாள் ஆற்றங்கரையில் எங்கள் லயத்து முத்தம்மாவிடம் சொன்னேன். முத்தம்மாவிடம் ஒன்றைச் சொன்னால் தப்பு அடித்துச் சொன்ன மாதிரி. அந்த வாரமே லயத்தில் ஆண்களும் பெண்களும் செல்லாயியைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். சீனி காலையில் அடுத்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். கடைசியாக அது கள்ளுக்கடையில் உடையப்பன் காதுக்குப் போனது.

அன்று சாயங்காலம் அவன் வந்ததும் சட்டி உருளும் சத்தம் கேட்டது. நான் பலகையில் காதை வைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியமில்லை.

"என்னடி போட்டே? எத்தனை நாளா போடுறே?"

அடி விழுந்தது. அவள் அழுதுகொண்டே ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"கொயினா."

கொயினா! தினமும் பெரட்டில் டிரஸ்ஸர் மயில்வாகனம் எல்லார் வாயிலும் ஊற்றும் அதே கொயினா. மலைக்காய்ச்சல் வராமல் இருக்க அதை அவர் எதிரிலேயே விழுங்க வேண்டும், அது பெரிய தொரை போட்ட சட்டம். உடையப்பன் அதை வாயில் அடக்கிக்கொண்டு போய் மரத்தடியில் துப்புவான் என்பது எல்லாருக்கும் தெரியும். கொயினா குடித்தால் ஆண்மை போய்விடும் என்று எவனோ அவனிடம் சொல்லியிருந்தான்.

"கொயினாவா?" என்றான் உடையப்பன். சிரித்தான். "கொயினா கசக்கும்டி. ஒரு சொட்டு பட்டாலே நாக்கு செத்துப் போவும். நான் குடிச்ச கோப்பி ஒரு நாளாச்சும் கசந்துச்சா? யாருக்குக் கதை விடுறே?"

கசக்காமல் போட்டதுதான் அவள் செய்த குற்றம்.

மறுநாள் பால் வெட்டும் காட்டில் அவளைப் பிடித்துக் கேட்டேன். முகம் வீங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். போன வருஷம் அவனுக்குக் காய்ச்சல் வந்து பிழைத்தபோது, இன்னொருமுறை வந்தால் ஆள் தேறமாட்டான் என்று டிரஸ்ஸர் சொன்னாராம். அவள் காலில் விழுந்திருக்கிறாள். தொரை சட்டத்தை மீறி அவர் கொயினாத் தூளைக் காகிதத்தில் மடித்து வாரம் ஒருமுறை கொடுத்திருக்கிறார். அதைக் குழம்பில் போட்டாள், துப்பினான். தேத்தண்ணியில் போட்டாள், துப்பினான். கோப்பி ஒன்றுதான் சொந்தமாகவே கசக்கிற பொருள், அந்தக் கசப்புக்குள் இந்தக் கசப்பை ஒளித்துவைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. மூன்று மாதம் தானே குடித்துக் குடித்துப் பார்த்து, கொயினாவில் காது இரைய இரையப் பழகி, அந்தப் பதத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். எங்கள் லயமே மோந்து பார்த்த கோப்பி அப்படி வந்ததுதான்.

"நீங்க யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"நான் ஏன் சொல்றேன்" என்றேன்.

அப்போதே நான் முத்தம்மாவிடம் போய், அது கொயினாதான், நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் புரளி கிளப்பியவள் நான் என்று ஆகிவிடும். ரெண்டு நாளில் அடங்கிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அடங்கவில்லை. உடையப்பன் அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. தானே பொங்கித் தின்றான். கோப்பிக்கு மட்டும் என் வாசலுக்கு வந்தான்.

"உன் கோப்பி போதும்க்கா. நல்லாருக்கோ இல்லியோ, இதுல சூது இல்லலா."

கேடுகெட்ட என் மனசு அதற்கும் குளிர்ந்தது. கொதித்துச் சுண்டிய அந்தக் கறுப்புத் தண்ணீரைக் குவளை நிறைய ஊற்றிக் கொடுத்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரியவில்லை.

மூன்று வாரம் கழித்து மழை பிடித்துக்கொண்டது. உடையப்பன் வெட்டப் போன இடத்தில் குளிர் வந்து விழுந்தான். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பல் கிடுகிடுவென்று அடித்தது. நாலு கம்பளி போட்டும் நிற்கவில்லை. பிறகு உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் இடமில்லை. இடம் இருந்தாலும் அவன் போயிருக்கமாட்டான். டிரஸ்ஸர் மயில்வாகனம் குடையோடு வந்து மூக்கைப் பிடித்துக் கொயினாவை ஊற்றினார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையும் அவர் வெள்ளைச் சட்டையில் துப்பினான்.

"இனி நான் என்ன செய்யிறது? வாயைத் திறக்கிறானில்லை" என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் போனதும் செல்லாயி என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அவரு உங்க கையால மட்டும்தான் குடிப்பாரு. நீங்கதான் குடுக்கணும்."

அவளே கொயினா கலந்து கோப்பி போட்டாள். நான் எடுத்துக்கொண்டு போனேன். வாசலைத் தாண்டவில்லை, காய்ச்சலில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தவன் தலையைத் தூக்கினான். "இது அவ கோப்பி" என்றான். கையால் தட்டிவிட்டான். குவளை சுவரில் பட்டு உருண்டது. அத்தனை காய்ச்சலிலும் அவன் மூக்குக்கு அந்த மணம் தெரிந்திருந்தது.

அடுத்து என் கோப்பியில் அவள் வைத்திருந்த கொயினாத் தூளைப் போட்டு நானே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். தொண்டையில் இறங்கவில்லை. வாசலில் ஓடிப்போய்த் துப்பினேன். அவள் கோப்பி மருந்தை மறைக்கும், ஆனால் அவன் மூக்கு அதைப் பிடித்துவிடும். என் கோப்பியை அவன் நம்புவான், அது எதையும் மறைக்காது. நான் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். செல்லாயி உட்காரவில்லை.

"சட்டியக் கழுவுங்கக்கா" என்றாள்.

அன்று மத்தியானம் முழுக்க என் அடுப்படியில் எனக்குக் கோப்பி போடச் சொல்லிக்கொடுத்தாள். அவளைவிட எட்டு வயசு பெரியவள் நான். சொன்னபடி கேட்டுக்கொண்டேன். அவள் தூள் பாதி, என் சீனன் கெடைத் தூள் பாதி. மணத்துக்கு என்னுடையது, கனத்துக்கு அவளுடையது. ஆற்றுத் தண்ணீர் வேண்டாம், கூரையில் பிடித்த மழைத் தண்ணீர் எடுங்கள் என்றாள். தண்ணீர் மட்டும் தனியாகக் கொதிக்க வேண்டும். கொதித்ததும் இறக்கி, துள்ளல் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு தூளில் ஊற்றி மூடி, நூறு எண்ணும்வரை தொடக்கூடாது. சோப்பு படாத துணியில் தானாக இறங்கவிட வேண்டும்.

பழக்கதோஷத்தில் நான் துணியை முறுக்கினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பிழியாதீங்க. பிழிஞ்சா அடிக்கசப்பு வந்துரும். அது கொயினாவோட சேர்ந்துக்கிட்டா மறைக்க முடியாது."

கருப்பட்டியைக் கரைத்து, அதில் கொயினாத் தூளைக் குழைத்து, கடைசியில் ஒரு கல் உப்பு போடச் சொன்னாள். கோப்பிக்கு உப்பா என்று கேட்டேன். "கசப்பை உப்புதான்கா அமுக்கும்" என்றாள். மூன்று தடவை போட்டுக் கொட்டினோம். நாலாவது தடவை குடித்துப் பார்த்தேன். கோப்பிதான், வேறு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள எனக்கு இத்தனை கேடு தேவைப்பட்டதே என்றுதான் அழுதேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. "ஆறிடும், போங்க" என்றாள்.

உடையப்பன் மோந்து பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். குடித்தான்.

"இன்னிக்கு நல்லா போட்டிருக்கேக்கா."

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, நாலு நாள் கொடுத்தேன். செல்லாயி பலகைக்கு இந்தப் பக்கம் என் வீட்டில் நின்றுகொண்டு, அவன் விழுங்கும் சத்தத்தை எண்ணுவாள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி கேட்டான். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். பாவி மகள், என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆள் எழுந்து நடமாடட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் சாயங்காலம் அவனுக்கு நீர் கறுப்பாகப் போனது. கோப்பி நிறம், அச்சாக அதே நிறம். தூக்கிப் பிடித்திருந்த ஆட்கள் பார்த்துவிட்டார்கள். கண்ணும் உடம்பும் மஞ்சளானது. டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"கொயினா நீரோ குடுத்தனீர்?"

தலையாட்டினேன்.

"இவ்வளவு நாளும் குடிச்சுக்கொண்டிருந்ததை இடையில விட்டிட்டுத் திருப்பிக் குடுத்தால், சில பேருக்கு இப்பிடி வாறதுண்டு. ஏன் விட்டவன்? நிக்காமல் குடிச்சிருந்தால் தப்பியிருப்பான்." அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இதை ஒருத்தரோடையும் கதையாதையும். உமக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை."

அது நிஜமாகவே அப்படித்தானா, கொயினா இல்லாவிட்டாலும் போயிருப்பானா, எனக்குத் தெரியாது. இடையில் ஏன் நின்றது என்பது மட்டும் எனக்குத் தெரியும். நீர் கறுத்துப் போனதற்கு இரண்டாம் நாள் மத்தியானம் உடையப்பன் செத்துப்போனான். செல்லாயியைக் கிட்டே வர விடவில்லை. கடைசியாகத் தண்ணீர் ஊற்றியதும் நான்தான்.

லயத்தில் அதற்கப்புறம் யாருக்கும் சந்தேகம் இல்லை. உள்ளே போன கோப்பியும் மருந்தும் கறுப்பாக வெளியே வந்ததை நாலு பேர் கண்ணால் பார்த்தாயிற்று. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

எட்டாம் நாள் காலையில் மாரியம்மன் கோயில் வாசலில் கங்காணி இராமசாமி கூட்டம் கூட்டினார். செல்லாயியை நடுவில் நிறுத்தினார்கள். அவள் அழவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னாள். கொயினா, டிரஸ்ஸர் கொடுத்தது, காகிதப் பொட்டலம், எல்லாம் சொன்னாள்.

"கொயினா போட்டா கசக்காதா? அவன் ஒரு நாளும் கசக்கலன்னுதானே எல்லாத்துகிட்டயும் சொன்னான்?" என்றாள் முத்தம்மா. எல்லாரும் தலையாட்டினார்கள்.

கங்காணி டிரஸ்ஸரை வரச் சொல்லியிருந்தார். அவர் செருப்பைக் கழற்றாமல் கோயில் எல்லைக்கு வெளியிலேயே நின்றார்.

"நான் பெரட்டில நிக்கேக்க வாயில ஊத்துறனான். வீட்டுக்குக் குடுத்துவிடுற வழக்கம் என்னட்ட இல்லை. உடையப்பன் ஒவ்வொரு நாளும் என்ர கண்ணுக்கு முன்னால விழுங்கினவன். புத்தகத்தில எழுதியிருக்கு."

சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். செல்லாயி அவர் முதுகைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மங்களம் அக்காவக் கேளுங்க. கடைசி நாலு நாளு அக்காதான் போட்டுக் குடுத்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் போட்டோம். கசக்காம போட முடியும்னு அதுக்குத் தெரியும்."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. சீனியும் திரும்பினார். கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"என்னா மங்களம், நீயும் அவனுக்கு மருந்து போட்டியா?"

கொயினா போட்டியா என்று அவர் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எப்படிக் கேட்டிருந்தாலும் நான் பயந்துதான் இருப்பேன். கட்டினவள் புருஷனுக்கு மருந்து போட்டால் அவள் கெட்டிக்காரி, இல்லையென்றால் பைத்தியக்காரி. அடுத்தவள் புருஷனுக்கு மருந்து போட்டவளுக்கு வேறு பெயர். அந்தப் பெயரோடு நான் அந்த லயத்தில் ஒரு நாள் இருக்க முடியாது. சீனி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஏன் போடுறேன்?" என்றேன். "கோப்பித்தூளும் கருப்பட்டியும் போட்டேன். வேற எனக்கு என்ன தெரியும்?"

செல்லாயி தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று கங்காணி சொன்னார். போலீசுக்குச் சொல்லாமல் விடுவதே பெரிய தயவு என்றார். கோப்பெங் பக்கம் ஈயம் தோண்டும் கம்பத்தில் மண் சுமக்க ஆள் எடுக்கிறார்களாம், அங்கே அவளை யாருக்கும் தெரியாது என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கு யாரும் ஒரு பிடி அரிசி கொடுக்கவில்லை. அவள் கொடுத்தாலும் வாங்கியிருக்கமாட்டார்கள்.

அடுத்த நாள் எல்லாரும் காட்டுக்குப் போன பிறகு புறப்பட்டாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி நான் வீட்டில் படுத்திருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. எழுந்து போனேன். கையில் துணி மூட்டை, வேறொன்றும் இல்லை. மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று நினைத்தேன். தூற்றினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசி நாளு அக்கா... குடிச்சாரா? கசக்குதுன்னு சொன்னாரா?"

"முழுசாக் குடிச்சாரு. ஒண்ணும் சொல்லல."

"மருந்து போட்டீங்கதானே?"

லயத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு குருவி இல்லை.

"போட்டேன்" என்றேன்.